பதில் மணிக்காகக் காத்திருந்தவர்

முனுசாமி அண்ணன் மவுஸை மூன்று முறை அழுத்தினார்.

அவசரமாக அல்ல. ஒரு முறை அழுத்திவிட்டு மூச்சு விடும் நேரம் நின்றார். இரண்டாவது முறை. மறுபடியும் அதே அளவு நேரம். மூன்றாவது முறை. அப்புறம் நாற்காலியை விட்டு எழுந்து, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, திரையையே பார்த்தபடி நின்றார். என் கடையில் எழுந்து நின்று கம்ப்யூட்டரைப் பார்த்த ஒரே ஆள் அவர்தான்.

அது காற்றுக் காலம். தங்கச் சுரங்கத்துக் கழிவு குவிந்த சயனைடு மேட்டிலிருந்து கிளம்பும் வெள்ளைப் பொடி எங்கள் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கடையையும் விட்டுவைக்காது. காலையில் கீபோர்டைத் துடைத்த துணி மாவு சலித்த துணியாக இருந்தது. பக்கத்துக் கடையில் மசால் வடை எண்ணெயில் விழுந்துகொண்டிருந்தது. வாசலை ஒட்டிப் போட்டிருந்த ஸ்டூலில் அவர் மனைவி கன்னியம்மாள் அண்ணி உட்கார்ந்திருந்தார். என் கடைக்கு மூன்றே படிகள்தான். அதை ஏறி வந்ததற்கே அவருக்குப் பத்து நிமிடம் மூச்சு வாங்கியது.

"இன்னாணா, எழுந்துட்டீங்க?" என்றேன்.

"இரும்மா. பதில் வரட்டும்."

யாரிடமிருந்து பதில்? எனக்குப் புரியவில்லை. திரையில் பெரிதாக ஒரு பச்சை டிக் வந்திருந்தது. வேறொரு நாளாக இருந்தால் ‘முடிந்தது’ என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பேன். அன்று என்னவோ, அந்த டிக்குக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த ஆங்கில வரியைப் படித்தேன். ‘நீங்கள் கேட்டபடி உங்கள் முன்பதிவு ரத்து செய்யப்பட்டது’ என்று இருந்தது.

அண்ணியின் இதயத்தைப் பார்க்க வேண்டிய பெங்களூர் டாக்டரிடம் வாங்கிய டோக்கனை, அண்ணன் தன் கையாலேயே ரத்து செய்துவிட்டு, அமைதியாக நின்றுகொண்டிருந்தார். அதுவும் மூன்றாவது முறையாக.

கடைசி பட்டன்

இந்தத் தொடரில் என் கடை திறந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை அப்படியே நிறுத்திவிட்டு இதற்கு வந்ததற்குக் காரணம், இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் நிறைய ஆச்சரியமாகவும் இருப்பதுதான்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் சுரங்க வீட்டுப் பெண் அல்ல. அப்பா திருச்சிப் பக்கத்திலிருந்து கனரகத் தொழிற்சாலைக்கு டர்னராக வந்தவர். நாங்கள் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ். சுரங்கத்துச் சங்கு ஊதினால் எங்கள் வீட்டில் கடிகாரத்தைச் சரி பார்ப்பார்கள். சுரங்கத்தோடு எங்களுக்கு இருந்த உறவு அவ்வளவுதான். ஒரே ஊர், ஒரே தமிழ், ஆனாலும் அவர்கள் உலகம் வேறு என்றுதான் வளர்ந்தேன். இந்தக் கதையில் என் தப்பு அங்கேதான் தொடங்குகிறது.

சுரங்கம் மூடிய பிறகு கொஞ்ச காலம் கழித்துக் கடை போட்டேன். எட்டு கம்ப்யூட்டர், எட்டு தடுப்புப் பலகை, மின்சாரம் போனால் கத்துகிற ஒரு யூபிஎஸ். ஊரில் எல்லோரும் நெட் சென்டர் என்றார்கள். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. வருகிறவர்களைத் திட்டாமல் வேலை செய்ய எனக்குத் தெரியாது. திட்டு வாங்கிக்கொண்டே வந்தார்கள், பாவம், வேறு வழியில்லை.

கடையில் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். படிவத்தை நான் நிரப்பித் தருவேன், கடைசி பட்டனை மட்டும் உரியவர்தான் அழுத்த வேண்டும். ஆரம்ப நாளில் ஒரு பெண்ணுக்கு நர்சிங் காலேஜ் விண்ணப்பம் அனுப்பினேன். வேறொரு பாடப் பிரிவு பதிவாகிவிட்டது. அவள் சொன்னதைத்தான் அழுத்தினேன் என்று நான் சொல்ல, நீங்கள்தானே அழுத்தினீர்கள் என்று அவள் அழ, கடை வாசலில் பெரிய கூட்டம். அன்றிலிருந்து கடைசி அழுத்தல் அவரவர் பொறுப்பு. நான் மவுஸைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விடுவேன். ரொம்ப நியாயமான ஏற்பாடு என்று எனக்கே என்மேல் பெருமை.

தெரியாதவர்கள் செய்த வேலை

இத்தனை வருஷத்தில் எத்தனை விதமான கைகளைப் பார்த்திருப்பேன்! மவுஸைத் தூக்கித் திரையில் ஒட்டவைத்துத் தேய்த்தவர்கள் உண்டு. இரண்டு தட்டுத் தட்டச் சொன்னால், ஒரு தட்டுத் தட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்து அனுமதி வாங்கி அடுத்த தட்டைத் தட்டியவர்கள் உண்டு. பாஸ்வேர்டு போடுங்கள் என்றால், எட்டு தடுப்புக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்லி, ‘போட்டுக்கம்மா’ என்பார்கள். ரகசியம் என்று சொன்னால், உனக்குத் தெரியாத ரகசியமா என்று சிரிப்பார்கள்.

இதையெல்லாம் ஒரு பழைய டைரியில் எழுதி வைப்பேன். முதலில் வீட்டில் சொல்லிச் சிரிப்பதற்காகத்தான். தேதி போடும் பழக்கமில்லை. யார், என்ன செய்தார், ஏன் அப்படிச் செய்ததாகச் சொன்னார், மூன்றே விஷயம்.

சில வருஷம் கழித்து அந்த டைரியைப் புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. நான் சிரித்து எழுதிய ஒவ்வொரு தப்பும் கொஞ்ச நாளில் தானாக மறைந்துகொண்டிருந்தது. மக்கள் திருந்தவில்லை. தப்பு செய்வதற்கான இடத்தையே எவரோ எடுத்துவிட்டார்கள்.

பாஸ்வேர்டை மறந்து மறந்து வந்தார்கள். ஒரு நாள் பாஸ்வேர்டே வேண்டாம், மொபைலுக்கு வருகிற எண்ணைப் போடு, போதும் என்று ஆனது. இரண்டு தட்டு வராதவர்களுக்காக ஒரே தொடுதல் வந்தது. பூதிகோட்டையிலிருந்து ஒரு தக்காளி விவசாயி வருவார். எழுத்துக் கூட்டத் தெரியாது. கம்ப்யூட்டரைப் பார்த்துத் தெலுங்கிலேயே, ‘இன்றைக்கு மண்டியில் தக்காளி எப்படி’ என்று கேட்பார். நான் தலையில் அடித்துக்கொண்டு, "அதுக்குக் காது கெடையாது" என்று சொல்லியிருக்கிறேன். கொஞ்ச வருஷத்தில் அதற்குக் காது முளைத்தது. அவர் வயல் வரப்பில் நின்றே போனிடம் பேச ஆரம்பித்துவிட்டார், என் கடைப் பக்கம் வருவதில்லை.

நெட்டைச் சுலபமாக்கியது பெங்களூரில் கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் என்று பேப்பரில் எழுதுகிறார்கள். அவர்கள் செய்தார்கள், சரி. செய்ய வைத்தது யார்? தெரிந்தவன் ஒரு நாளும் இதைச் சுலபமாக்கு என்று கேட்க மாட்டான். கஷ்டமாக இருந்தால்தான் அவனுக்கு மரியாதை. எனக்கே அப்படித்தானே! தெரியாதவர்கள்தான் வந்து நின்று, தப்பாக அழுத்தி, முழித்து, திரும்பிப் போய், மறுபடியும் வந்து, அந்த வேலையை வாங்கியிருக்கிறார்கள். அப்படித் திரும்பி வந்தவர்கள் பெருகப் பெருக நெட்டும் பெருகியது என்பது என் எண்ணம். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. டைரி சொன்னது.

இதையெல்லாம் டைரியில் கண்டுபிடித்த புத்திசாலிதான் முனுசாமி அண்ணன் விஷயத்தில் கோட்டை விட்டேன்.

இரண்டு திங்கட்கிழமைகள்

கன்னியம்மாள் அண்ணிக்கு மூச்சுத் திணறல் வந்து சில மாதமாகியிருந்தது. கோரமண்டல் என்கிற சுரங்கக் குடியிருப்பில் அவர்களுடைய லைன் வீடு. குழாயடியிலிருந்து ஒரு குடம் தூக்கி வர இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. பேட்டை டாக்டர், இதய வால்வில் ஏதோ கோளாறு, பெங்களூரில் இன்ன டாக்டரிடம் காட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்று எழுதிக் கொடுத்தார். அந்தப் பெரிய டாக்டர் புது நோயாளிகளை வாரத்தில் ஒரு நாள்தான் பார்ப்பார். டோக்கன் நெட்டில் மட்டும்தான். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் திறக்கும், அரை மணியில் தீர்ந்துவிடும்.

முதல் திங்கட்கிழமை நான் நிரப்பினேன். அண்ணன் கடைசி பட்டனை அழுத்தினார். போனுக்கு மெசேஜும் வந்தது. குறித்த நாளில் இருவரும் விடியற்காலை ரயிலில் பெங்களூர் போனார்கள். அங்கே கவுன்ட்டரில், பேர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மெசேஜைக் காட்டியிருக்கிறார். அதற்குக் கீழேயே ரத்து ஆனதாக இன்னொரு மெசேஜ் இருக்கிறது பாருங்கள் என்று அவர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆங்கிலம் என்பதால் இவர் அதைத் திறந்தே பார்க்கவில்லை. அன்று முழுவதும் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

"நீங்க ஏதோ தப்பா அமுக்கி இருக்கீங்கணா" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அதிகம் பேசாதவர், அன்று பேசினார். "இருவத்திரெண்டு வருசம் சர்வீசுமா. ஒரு நாளு தப்பா அட்சதில்ல நானு."

எதை அடித்தார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஃபேக்டரிக்காரர் மகளுக்கு அதெல்லாம் எதற்கு?

இரண்டாவது திங்கட்கிழமையும் அதே கதை. இந்த முறை ரயில் ஏறும் முன்பே ரத்து மெசேஜை அவர்கள் தெருப் பையன்கள் யாரோ படித்துச் சொல்லிவிட்டார்கள். அண்ணன் கடைக்கு வந்து என் எதிரில் நின்றார். எனக்கு எரிச்சல். அதற்குள் அண்ணிக்குப் படுத்தால் மூச்சு முட்டுகிறது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறார் என்று தெரிந்தது. எரிச்சல் அடங்கிப் பயம் வந்தது. அடுத்த வாரம் நானே அழுத்திவிடலாமா என்று நினைத்தேன். நர்சிங் காலேஜ் பெண் அழுதது ஞாபகம் வந்தது.

ஆக, மூன்றாவது திங்கட்கிழமை அடுத்த மேஜைக்குப் போகாமல் அவர் பக்கத்திலேயே நின்றேன். திரையைப் பார்க்காமல் அவர் கையைப் பார்த்தேன். நெட் சென்டர் நடத்தி இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் முறை.

மூன்று என்றால் ஆள்

"எதுக்குணா மூணு தடவ?" என்றேன்.

இதென்ன கேள்வி என்பதுபோல என்னைப் பார்த்தார். "ஆளு போறதுக்குத் தானே?"

கன்னியம்மாள் அண்ணிதான் எனக்குப் புரியவைத்தார், மூச்சுக்கு மூச்சு நிறுத்தி. "இவுரு ஷாஃப்ட்டு மேல கேஜ்ல மணி அடிக்கிற வேலம்மா. தெரியாதா ஒனுக்கு?"

தெரியாது. சத்தியமாகத் தெரியாது. பத்து வருஷமாக என் கடைக்கு வருகிற மனிதர்.

அண்ணன் சொன்னார். ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழியின் வாயில் ஆட்களைக் கீழே இறக்கும் கூண்டுக்குப் பேர் கேஜ். அதை ஓட்டுகிற டிரைவர் தூரத்தில் வேறொரு கட்டடத்தில் இருப்பார். கேஜில் ஏறியது கல்லா ஆளா என்று அவருக்குத் தெரியாது. மணிதான் பேச்சு. ஒன்று அடித்தால் நிறுத்து. இரண்டு அடித்தால் இறக்கு. மூன்று அடித்தால் ஆள் ஏறப்போகிறது, பார்த்து ஓட்டு. அடித்ததோடு முடியாது. அந்தப் பக்கத்திலிருந்து டிரைவர் அதே மூன்றைத் திருப்பி அடிக்க வேண்டும். அந்தப் பதில் மணி காதில் விழுந்த பிறகுதான் இவர் கேஜ் வாசலைத் திறந்து, ‘ஏறு’ என்பார். பதில் வராமல் ஒருவரையும் ஏற்றியதில்லை. மேலதிகாரி கத்தினாலும் ஏற்றியதில்லை.

"ஆளு உசுரு இல்ல? பதிலு வராம எப்டி ஏத்தறது?"

அப்போதுதான் எனக்குச் சங்கிலி முழுவதும் தெரிந்தது. முதல் அழுத்தலில் டோக்கன் பதிவாகிறது. ஆனால் திரை எதுவும் சொல்வதில்லை, ஒரு மூச்சு நேரம் கழித்து அதே இடத்தில் ‘ரத்து’ என்கிற பட்டன் வந்து உட்காருகிறது. இரண்டாவது அழுத்தல் அதன்மேல் விழுகிறது. உடனே அதே இடத்தில் ‘நிச்சயமாக ரத்து செய்யலாமா, ஆம்’ என்று வருகிறது. மூன்றாவது அழுத்தல் அதன்மேல். படபடவென்று அழுத்துகிறவனுக்கு இது நடக்காது, பக்கம் மாறுவதற்குள் அழுத்தி முடித்துவிடுவான். இரண்டோடு நிறுத்துகிறவனுக்கும் நடக்காது. சரியாக மூன்று, ஒவ்வொன்றுக்கும் நடுவில் அளவாக ஒரு மூச்சு. உலகத்திலேயே சுரங்க வாயில் மணி அடித்தவர் ஒருவருக்குத்தான் இது நடக்கும்.

இதற்குப் போய் அவரைத் திட்டியிருக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் அதற்கு நேரமில்லை. மறுபடியும் பக்கத்தைத் திறந்தால், அந்த வாரத்துக்கு இரண்டே டோக்கன் மீதி.

வேகமாக நிரப்பினேன். "அண்ணா, இந்தத் தடவ ஒரே ஒரு அமுக்கு. அமுக்கிட்டுக் கைய எடுத்துடுங்க."

அவர் மவுஸைத் தொட்டார். அழுத்தவில்லை.

"ஒண்ணு அட்சா நிறுத்துன்னு அர்த்தம்மா" என்றார். அண்ணியைத் திரும்பிப் பார்த்தார். "இவ உள்ள கீறா. நான் எப்டி ஒண்ணு அடிக்கிறது?"

இது கம்ப்யூட்டர், கேஜ் இல்லை என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. தலைக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. மீதி ஒன்று என்று திரை மாறியது.

நான் என் வழக்கத்தை உடைத்து மவுஸைப் பிடுங்கப் போனேன். அதற்குள் அண்ணி ஸ்டூலிலிருந்து எழுந்து வந்தார். தடுப்புப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்று, மூச்சைச் சேர்த்துக்கொண்டார்.

"நவுருங்க. ஏறப்போறது நானு. நானே அட்ச்சிக்கிறேன்."

அதுவரை மவுஸைத் தொட்டே பார்க்காதவர். நாங்கள் இருவரும் அவரைக் கேட்கவும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு விரலை நீட்டி, அடுப்பில் சுடுகிறதா என்று பார்ப்பதுபோல, ஒரே ஒரு முறை அழுத்தினார். அண்ணனின் வலது கை தானாக முன்னால் வந்தது. அண்ணி அதைப் பிடித்துக்கொண்டார். திரை யோசித்தது. ‘ரத்து’ பட்டன் வந்து உட்கார்ந்தது. யாரும் அதைத் தொடவில்லை. அண்ணி மடியில் செருகியிருந்த போனில் மெசேஜ் வந்தது. இரண்டாவது மெசேஜ் வரவில்லை. மத்தியானம் வரை காத்திருந்து பார்த்தோம், வரவே இல்லை.

அந்த வாரம் பெங்களூரில் பார்த்தார்கள். வால்வு சுருங்கியிருந்தது. உள்ளே பலூன் விட்டு விரித்தார்கள். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் கஷ்டமாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னதாக அண்ணன் வந்து சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மன்னிப்பு என்று நான் ஏதோ முனகினேன். "வுடும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பதினொரு துண்டுக் கடிதம்

எனக்கு மனசு ஆறவில்லை. அந்த டோக்கன் பக்கத்தைச் செய்த கம்பெனிக்கு எழுத வேண்டும் என்று தேடினேன். கருத்து சொல்ல ஒரு பெட்டி வைத்திருந்தார்கள், கைக்குட்டை அளவு. நாலு வரிக்கு மேல் எழுதவிடாது. நான் விடுவேனா? ஷாஃப்ட், கேஜ், மூன்று மணி, பதில் மணி எல்லாவற்றையும் பதினொரு துண்டாக வெட்டி, ஒன்று, இரண்டு என்று எண் போட்டு அனுப்பினேன். ஏழாவது துண்டில் கொஞ்சம் திட்டியும் இருந்தேன்.

ஒரு மாதம் கழித்துப் போன் வந்தது. சஹனா என்று ஒரு பெண், அந்தக் கம்பெனியில் வேலை. பதினொன்றையும் வரிசையாக அடுக்கிப் படித்ததாகச் சொன்னாள். நேரில் வரலாமா என்று கேட்டாள். ஏழாவது துண்டுக்காகத்தான் வருகிறாளோ என்று பயந்தேன்.

வந்தாள். கன்னடத்துப் பெண், தோளில் ஒரு பை, காலில் கறுப்பு ஷூ. எங்கள் ஊர்ப் பொடியில் அது அரை மணியில் வேறு நிறமாகிவிட்டது. முனுசாமி அண்ணனைக் கூட்டி வந்தேன். நான் ஏதோ விளக்க ஆரம்பித்ததும் அவள் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, அவரிடம், "ஒந்த்ஸல தோர்ஸி" என்றாள். ஒரு தடவை காட்டுங்கள், அவ்வளவுதான்.

அவர் காட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டார்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. திருத்தவும் இல்லை. தானும் எழுந்து அவர் பக்கத்தில் நின்று, அவர் பார்க்கிற இடத்தையே பார்த்தாள். அவர் எவ்வளவு நேரம் நின்றாரோ அவ்வளவு நேரமும் நின்றாள். ரொம்ப நேரம்தான். பதில் வரவே இல்லை. கடைசியில் கன்னடத்தில் கேட்டாள், உங்களுக்கு இப்போது என்ன வந்திருக்க வேண்டும் என்று.

அண்ணனும் கன்னடத்திலேயே பதில் சொன்னார். எங்கள் ஊரில் யாருக்குத்தான் கன்னடம் வராது? "நான் அடித்தது அவனுக்குக் கேட்டதா என்று எனக்குத் தெரிய வேண்டும். கேட்டுவிட்டது என்று தெரிந்தால் நான் ஏன் மறுபடி அடிக்கப் போகிறேன்?"

சஹனா அதை எழுதிக்கொண்டாள். என் டைரியையும் கேட்டாள். முழுவதும் தமிழ் என்று தயங்கினேன். படித்துக் காட்டச் சொல்லி, சாயங்காலம் வரை உட்கார்ந்து கேட்டாள். இரண்டு தட்டு வடை தீர்ந்தது. இதை எத்தனை வருஷமாக எழுதுகிறீர்கள் என்று கேட்டபோது, முதல் முறையாக அந்த டைரி எனக்குச் சிரிப்பு மூட்டவில்லை.

போகும்போது ஒன்று சொன்னாள். அவர்கள் கம்பெனியில் அந்தப் பக்கத்தைச் சோதித்துப் பார்த்த எல்லோரும் ஏற்கெனவே கம்ப்யூட்டர் தெரிந்தவர்களாம். பதில் வராவிட்டாலும் போயிருக்கும் என்று நம்பிப் பழகியவர்கள். அதனால் ஒருவருக்கும் இந்தக் குறை தெரியவில்லையாம்.

நானும் அந்தக் கூட்டம்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

ஏறு

அதற்குப் பிறகு ஒரு வருஷம் ஓடிவிட்டது. என் கடையில் இப்போது எட்டுக்கு இரண்டு கம்ப்யூட்டர்தான். மற்ற தடுப்புகளை எடுத்துவிட்டு லேமினேஷன் மெஷின் வைத்திருக்கிறேன். எல்லோரும் அவரவர் போனிலேயே அவரவர் வேலையைப் பார்த்துக்கொள்கிறார்கள். வருத்தம் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. கடை காலியாக இருக்கும் மத்தியானங்களில் நன்றாகவே இருக்கிறது. திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால், முனுசாமி அண்ணன் வந்தார். கையில் அவருடைய போன். அண்ணி படிக்குக் கீழே யாருடனோ பேசிக்கொண்டு நின்றார். அண்ணிக்கு வருஷச் செக்கப், டோக்கன் போட வேண்டும்.

"வீட்டுலயே போடலாமேணா. இப்ப ஈசியா தமிழ்லயே வருது."

"தெரியும். மொத தபா நானே போடறேன். நீ பக்கத்துல நில்லு, போதும்."

நின்றேன். பேர், வயது எல்லாம் போனிலேயே இருந்தது, தொட்டுத் தொட்டு வந்துவிட்டார். கடைசி பட்டன் வந்தது. கட்டை விரலை அதன்மேல் கொண்டுபோய் நிறுத்தினார். ஒன்று அடித்தால் என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும் அல்லவா!

ஒரு முறை அழுத்தினார்.

அன்று பார்த்து நெட் மந்தம். ஒன்றும் வரவில்லை. அவர் விரல் மறுபடி இறங்கப் பார்த்தது. இறங்காமல் நின்றது. பட்டன் சாம்பல் நிறமாகி, அழுத்தினாலும் அழுந்தாததுபோல் ஆகிவிட்டது. அப்புறம் அவர் உள்ளங்கையில் அந்தப் போன் அதிர்ந்தது. சின்ன அதிர்வு. ஒரு மூச்சு நேரம். இன்னொன்று. அதே அளவு நேரம். இன்னொன்று.

மூன்று.

‘கேட்டுவிட்டது. உங்கள் டோக்கன் பதிவாகிவிட்டது’ என்று திரையில் தமிழில் எழுதியிருந்தது. ரத்து செய்யும் பட்டனைக் கீழே ஒரு மூலைக்குத் தள்ளியிருந்தார்கள். அந்தப் பக்கத்தை எந்தெந்த ஊரில் யார் யார் அழுத்துகிறார்களோ தெரியாது. அவர்கள் எல்லோருடைய கையிலும் இந்த மூன்றும் அதிரும். எங்கிருந்து வந்த மூன்று என்று அவர்களுக்கு யார் சொல்வார்கள்? சஹனா என்னிடமே சொல்லவில்லை.

அண்ணன் போனைக் காதில் வைத்துப் பார்த்தார், கையில் வைத்துப் பார்த்தார். அப்புறம் எழுந்து நின்றார். கண் ஈரமாக இருந்தது, அதைத் துடைக்கவும் இல்லை. வாசல் பக்கம் திரும்பி, இருபத்திரண்டு வருஷம் சொன்ன அதே குரலில், எட்டு தடுப்பு இருந்திருந்தால் எட்டுக்கும் கேட்கும்படி சொன்னார்:

"ஏறு."

"ஏறித்தான் வந்துகினு நிக்கறேன்" என்றார் கன்னியம்மாள் அண்ணி. என் கடையின் மூன்று படிகளையும் ஏறி, மூச்சு வாங்காமல், அவர் பின்னாலேயே நின்றிருந்தார்.